வெள்ளை மகனுக்கு, மஞ்சள் நாய்க்கு

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் வாட்டசாட்டமான ஓர் இளைஞர். எதிர்ப் பந்தியில் இருந்த என் சித்தி மகள் சும்மா இருக்காமல், "அக்கா ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவுக" என்று சொல்லி வைத்தாள். அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, இந்தக் கூட்டுல புரோட்டீன் எம்புட்டு இருக்கும்?"

சொன்னேன். சாம்பார் வந்தது. "இதுல?" சொன்னேன். அவியல் வந்தது, அப்பளம் வந்தது. ஒவ்வொன்றையும் போனில் ஏற்றிக்கொண்டே இருந்தார். பாயசம் வந்தபோது மட்டும் கேட்கவில்லை. மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புரோட்டீன் என்றால் அது ஊசியா மாத்திரையா என்று கேட்பார்கள். இப்போது ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கிறது. எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் நாலு பேர் கிராம் கணக்குப் பேசுகிறார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரூபி வாரம் ஒருமுறை எனக்குப் போன் போட்டு அழாத குறையாகப் புலம்புகிறாள். "மேடம், நான் ஒன்னு சொன்னா அவங்க போனத் திருப்பிக் காட்டுறாங்க. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்கிறாள். சமாளித்தேன் என்று அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். என்ன நடந்தது என்று அவளுக்காகவே எழுதுகிறேன்.

மதுரையில் மனையியல் படித்தேன். அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு வருடம் சோற்றையும் பருப்பையும் எடை போட்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பிறகு ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிளினிக்கில் உட்கார வேண்டும்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் எலும்பு டாக்டர். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். எலும்பைப் பொருத்துவதில் கெட்டிக்காரர், அதில் நான் குறை சொல்லவே மாட்டேன். குறையெல்லாம் எலும்பின் மேல் சதை என்று ஒன்று இருப்பதை அவர் கவனிக்காததில்தான். நோயாளி பேசும்போது தலையை நிமிர்த்த மாட்டார். பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார். பேனா நின்றால் நோயாளியும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இருபத்தைந்துக்குக் கீழே என்றால் "வயசு அப்படி", நாற்பதுக்கு மேலே என்றால் "வயசாச்சு", நடுவில் இருந்தால் "டென்ஷன்". இந்த மூன்றையும் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். என் அறையைச் "சாப்பாட்டு செக்‌ஷன்" என்பார். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகைதான். ஆனாலும் இன்டர்காமில்தான் கூப்பிடுவார். அதனால் அவர் சொல்வது எல்லாம் எனக்குப் பலகை வழியாக ஒருமுறையும் போன் வழியாக ஒருமுறையும் கேட்கும். இரண்டு தடவை கேட்டும் புரியாத நாட்கள் உண்டு.

ஐம்பத்தெட்டு வயதில் அவரும் ஜிம்மில் சேர்ந்தார். அடுத்த மாதமே எங்கள் மருந்துக்கடை வாசலில் புரோட்டீன் டின்கள் கோபுரம் போல ஏறி நின்றன. கால் சுளுக்கு என்று வந்தவருக்கும் டின்தான், கட்டு அவிழ்க்க வந்தவருக்கும் டின்தான்.

என் வேலையை எப்படிச் செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். "வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?" என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் காய்கறியும் பழமும் சாப்பிடுகிறவர்களாக ஆகிவிடுவார்கள். "நேத்து எந்திரிச்சதும் முதல்ல வாயில என்ன போச்சு?" என்றுதான் தொடங்குவேன். அங்கிருந்து படுக்கப் போகிற வரை ஒவ்வொன்றாக இழுப்பேன். என் மேஜை இழுப்பறையில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். "கொஞ்சம் பருப்பு" என்றால், அந்தக் கொஞ்சத்தைக் கரண்டியில் காட்டச் சொல்வேன். கடைசியாக ஒரு கேள்வி உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. "வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்?" ஆண்கள் யோசிப்பார்கள். பெண்கள் சிரிப்பார்கள்.

புரதக் கணக்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. சாதாரண ஆளுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் இருந்தால் போதும். பளு தூக்கிச் சதை வளர்க்க நினைப்பவருக்கு ஒன்றரை, கூடிப்போனால் அதற்கு மேல் ஒரு சிட்டிகை. அதையும் தாண்டி உள்ளே போவது சதையாகாது. எரிந்து போகும், இல்லாவிட்டால் கொழுப்பாகத் தங்கும். "அம்புட்டுத்தானா?" என்று முகம் வாடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குறைவாகச் சொன்னால் ஏதோ அவர்கள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி பார்ப்பார்கள். இதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று உண்டு. புரதம் என்று சொன்னாலே கிட்னி போய்விடும் என்பார்கள். நல்ல கிட்னிக்கு ஒன்றும் ஆகாது என்றால் அவர்களும் கோபித்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளினிக்குக்கு ஒருவர் வருவார். மாட வீதிக்காரர், பேங்கில் மேனேஜராக இருந்தவர், நெற்றியில் நாமம் கலையாது, முட்டை என்ற சொல்லைக்கூட உச்சரிக்க மாட்டார், "அது" என்பார். அமெரிக்காவில் இருக்கும் மகள் போனில் பயமுறுத்தியதால் தொடையில் சதை ஏற்ற வேண்டும் என்று வந்தார். பருப்பு, தயிர், சுண்டல், நிலக்கடலை, சோயா என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மேடம், பால்கோவா? அதுவும் பால்தானே?" என்றார்.

"பால்தான் சார். சர்க்கரை எங்கிருந்து வருது?"

"அதைக் கணக்குல சேர்க்காம விட்டுடலாமே."

பேங்கில் எத்தனை வருடம் இப்படிக் கணக்குப் பார்த்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சொன்னதைச் செய்தார். தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தார். பால்கோவாவையும் விடவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஒரு குடும்பம் மட்டும் என்னைச் சிரிக்க விடவில்லை.

கார்த்தி போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வு தேறிவிட்டான், உடல் தகுதித் தேர்வு பாக்கி. கால் இழுத்துப் பிடிக்கிறது என்று வந்தவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பெரிய டாக்டர் "வயசு அப்படி" என்று என்னிடம் தள்ளிவிட்டார். கூடவே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவனுடைய ஜிம் மாஸ்டர் பாண்டி. தன் அளவுக்கு ஒரு சைஸ் குறைவான கறுப்பு டீஷர்ட் போட்டிருந்தார். கையில் குலுக்கும் டப்பா. பேசும்போது அதைக் குலுக்குவார், குலுக்காமல் பேச வராது. இன்னொருவர் கார்த்தியின் அம்மா பேச்சியம்மாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. புருஷன் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நேத்து எந்திரிச்சதும் முதல்ல என்ன சாப்பிட்ட?" என்று பையனிடம் தொடங்கினேன்.

முட்டை வெள்ளைக்கரு, பவுடர், மறுபடியும் வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, பவுடர். சோறு இல்லை, இட்லி இல்லை. மாஸ்டர் சோற்றை நிறுத்திவிட்டார்.

"ஓட முடியுதா?"

"பாதியிலயே மூச்சு வாங்குது மேடம்."

"இன்னும் ரெண்டு ஸ்கூப் ஏத்துனா சரியாயிரும்" என்றார் பாண்டி, குலுக்கிக்கொண்டே.

கூட்டிப் பார்த்தேன். அவனுக்குத் தேவையானதைப் போல இரண்டு பங்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவனை ஓட வைக்க வேண்டிய சோறு மட்டும் போகவில்லை. எரிக்க விறகு இல்லாமல் வீட்டுக்குச் செங்கலாக வாங்கி அடுக்கியிருந்தார்கள்.

"மஞ்சள் கருவ என்ன செய்றீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்ல ராஜபாளையம் நாய் ஒன்னு வளக்காக தாயி. அதுக்கு ஊத்திருவேன். என்னமா மினுமினுன்னு இருக்குங்கீக!"

"நீங்க சாப்பிட்டா என்ன?"

"அது கொழுப்புன்னு மாஸ்டர் சொன்னாராம்லா. அதுவும் போக, எனக்கு எதுக்கு?"

கொழுப்புக்குப் பயந்த அந்த அம்மாவின் எடை நாற்பது கிலோவைத் தொடவில்லை. பையனை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினேன். காலையில் வரக்காப்பி. மத்தியானம் தறியில் வைத்துக் கஞ்சியும் ஊறுகாயும். ராத்திரி மிச்சம் இருந்தால் சோறு. மகன் கோழி தின்கிற அன்று அவருக்கு அந்தக் குழம்பு. வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. முதலில் மகன், அடுத்து நாய், அதற்கும் பின்னால் அவர். சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள அந்த நாய்க்குத்தான் முழுத் தகுதி இருந்தது.

"கைய மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எந்திரிங்கம்மா" என்றேன்.

பேச்சியம்மாள் சிரித்தார். "கைய ஊணாம எப்பிடித் தாயி எந்திரிக்கது?"

"செஞ்சு பாருங்க."

முன்னால் குனிந்தார். அசைந்தார். இடுப்பு எழவில்லை. இன்னொரு தடவை முயன்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. பாண்டியின் டப்பா குலுங்குவது நின்றது. பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்டர்காமை எடுத்தேன். "சார், பேஷன்டோட அம்மா. நாற்காலியில இருந்து எழ முடியல. எடை ரொம்பக் குறைஞ்சிருக்கு. டெஸ்ட் எழுதணும்."

"என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"வயசாச்சு."

"உங்களுக்கு அம்பத்தெட்டு சார்."

பலகைக்கு அந்தப் பக்கம் பேனா நின்றது. பிறகு டெஸ்ட் எழுதினார். சர்க்கரை இல்லை, தைராய்டு சரி, நெஞ்சுப்படம் சரி, ரத்தம் மட்டும் குறைவு. எல்லாம் பார்த்து அவர் கண்டுபிடித்த நோய், ஜெனரல் வீக்னஸ். பசி என்று எழுத எங்கள் கேஸ் ஷீட்டில் இடம் கிடையாது. மருந்துக்கடையில் ஒரு டின்னும் எழுதிக் கொடுத்தார். நான் என் பங்குக்கு முழு முட்டை இரண்டு, பால், பருப்பு, கடலை என்று சொல்லி அனுப்பினேன். பையனுக்குப் பவுடரை நிறுத்தி, சில நாள் ஜிம்முக்கு விடுமுறை விட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

அடுத்த முறை வந்தபோது பையனுடைய கிரியாட்டினின் சரியாகிவிட்டிருந்தது. அம்மா அப்படியே இருந்தார்.

"டின் என்னாச்சும்மா?"

"தீந்துபோச்சு தாயி."

"அதுக்குள்ளயா?"

பேச்சியம்மாள் சேலை முந்தானையைப் பார்த்தார். கார்த்தி மெல்லத் திரும்பி, "எம்மா, அது எனக்கு ஆஸ்பத்திரில சும்மா குடுத்ததுன்னுல்ல சொன்ன?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவனிடம் கணக்கைச் சொன்னேன். "நீ சாப்பிடுறதுல பாதி உன் உடம்புல தங்கவே இல்ல. அந்தப் பாதி உங்கம்மாவோடது" என்றேன். அவன் தலை குனிந்தான். ஆனால் பதில் அவனிடமிருந்து வரவில்லை.

"எம்புள்ள திங்கிறதக் கணக்குப் பாக்காதீக தாயி, கண்ணு பட்ரும்." பேச்சியம்மாள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். "அவன் தேர்வு முடியட்டும். பொறவு நான் தின்னுக்கிடுதேன்."

போய்விட்டார்கள். நான் சொன்னது சரி. ஆனால் அந்தச் சரியைக் கேட்க எதிரே ஆள் இல்லை.

தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது, பேச்சியம்மாள் தறிக்கூடத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். பெரிய டாக்டர் பிரமாதமாக ஆபரேஷன் செய்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அந்தக் காலை ஊன்றி அவர் எழவில்லை. பிசியோதெரபி பெண் வந்து கெஞ்சினாலும் பேச்சியம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு "நாளைக்குப் பாப்போம் தாயி" என்பார். ஆபரேஷன் ஜெயித்தும் நோயாளி தோற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை என் அறைக் கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டரே வந்து நின்றார். இன்டர்காம் கெட்டுப்போச்சோ என்று முதலில் நினைத்தேன்.

"அந்தம்மா ஏன் நடக்க மாட்டேங்குறாங்க?"

"நடக்கச் சதை வேணும் சார்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. சொன்னேன். கேட்டார். பேனா கையில் இல்லாததால் தட்டவும் இல்லை.

ஆனால் வார்டில் நான் எழுதிக் கொடுத்தது நடக்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த அவித்த முட்டைகளை நர்ஸ் ஒருநாள் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்தார். பேச்சியம்மாள் துண்டில் பத்திரமாக முடிந்து வைத்திருந்தார். "ஓட்டத்துக்குப் போறவன். சாயந்திரம் வருவான்ல, அதான்." நான் வார்டுக்குப் போய்த் திட்டினேன். பேச்சியம்மாள் எல்லாவற்றுக்கும் "சரி தாயி" என்றார். அந்தச் "சரி தாயி"யை உடைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் கார்த்தி வந்தான். துண்டைப் பார்த்தான். முட்டை ஒன்றை உரித்து அம்மா கையில் கொடுத்தான். இன்னொன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"நீ தின்னு. பொறவு நான் திங்கேன்."

"நீ மொதல்ல தின்னு ராசா."

"மாட்டேன். நீ திங்காட்டி எனக்கும் வேண்டாம். ஓடவும் போகல, ஒன்னும் போகல."

அந்த அம்மாவுக்கு இதற்குமேல் மிரட்டல் ஏது? வாயில் போட்டார். மென்றுகொண்டே அழுதார். மஞ்சள் கருவை அவர் விழுங்கும்வரை பையன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன்னுடையதைத் தின்றான். அவனும் மஞ்சளைத் தூக்கி எறியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கார்த்தியே பொங்கிய சோறும் பருப்பும் கறியும் தூக்குவாளியில் வந்தது. இரண்டு தட்டு, இருவருக்கும் ஒரே நேரம். நான் எழுதியதில் இல்லாத வைத்தியம்.

சதை வளர அது பாதிதான். மீதிப் பாதி பாரம் ஏற்றுவதில் இருக்கிறது. அதற்குத்தான் மனிதரை எழுப்ப வேண்டும். அந்த வேலைக்கு வார்டுக்குள் வந்து நின்றவர் பாண்டி மாஸ்டர். அதே டீஷர்ட், ஆனால் டப்பா இல்லை. நான் முகத்தைச் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மேடம், பவுடர் விக்க வரல. அக்காவ எந்திரிக்க வைக்கச் செத்த நேரம் குடுங்க."

பிசியோதெரபி பெண் பக்கத்தில் நிற்க, கட்டிலை உயர்த்திவிட்டு, ஜிம்மில் போடும் அதே சத்தத்தைப் போட்டார். "எக்கா! நல்லாத் தம் பிடி! தூக்கு! இன்னும் ஒன்னு! ஏலே கார்த்தி, கை குடுக்காத, அவுக எந்திரிப்பாக!" பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் மெதுவாக, மெதுவாக என்று பயமுறுத்தி வைத்திருந்த அந்த அம்மாவை அவர் ஒரு போட்டிக்காரரைப் போல நடத்தினார். பேச்சியம்மாளுக்கு ரோஷம் வந்தது. "இவன் என்ன, மாட்ட ஓட்டுத மாதிரி கத்துதான்!" என்று திட்டிக்கொண்டே எழுந்தார். நாளுக்கு நாள் கட்டிலின் உயரத்தைக் குறைத்தார்கள்.

நான் பாண்டியிடம் கேட்டேன். "பாரம் தூக்கினாத்தான் சதை வரும்னு உங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே. அப்புறம் எதுக்கு டின்?"

"பாரம் தூக்கச் சொன்னா யாரு மேடம் வாரா? டின்னுன்னா வாராங்க" என்றார்.



சோறு தின்ற கார்த்தி ஓட்டத்தை முடித்தான். கயிறும் ஏறினான். தேர்வாகிவிட்டான். மறுவாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று நின்றது. நடுவில் கார்த்தி கையை மடக்கிக்கொண்டு, பக்கத்தில் பாண்டி கையை மடக்கிக்கொண்டு, கீழே வரிசையாக டின்கள். சோற்றுக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. எங்கள் மருந்துக்கடையும் அந்த மாதம் கூடுதலாக இரண்டு அடுக்கு டின் இறக்கியது. பெரிய டாக்டர் எல்லா டாக்டர்களும் கூடிய கூட்டத்தில் பேச்சியம்மாள் எக்ஸ்ரேயைக் காட்டி, ஊட்டச்சத்தின் முக்கியத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசினாராம். சாப்பாட்டு செக்‌ஷனை அவர் அழைக்கவில்லை.

மகன் பயிற்சிக்குப் போன பிறகு பேச்சியம்மாள் தனியாக ஒருநாள் வந்தார், கைத்தடி இல்லாமல். நாற்காலியில் நுனியில் உட்காராமல் சாய்ந்தே உட்கார்ந்தார். அவன் போய்விட்டான், இனிப் பழையபடி கஞ்சியும் ஊறுகாயும்தான் என்று சொல்லப் போகிறார், அதற்கு என்ன பேசலாம் என்று நான் மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன்.

"அங்க அவனுக்கு முட்ட குடுப்பாகளா தாயி?"

"குடுப்பாங்க."

"அப்பச் சரி." கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஒன்னு கேப்பேன், சிரிக்கக் கூடாது. எனக்கு ஈரல்னா உசுரு. எங்க வீட்ல அவுக இருந்தவரைக்கும் அவுகளுக்கு வைப்பேன். பொறவு இவனுக்கு. கல்யாணத்துக்குப் பொறவு நான் தின்னதில்ல. இப்ப நான் திங்கலாமா?"

"தின்னுங்கம்மா. உங்க ரத்தத்துக்கும் நல்லது. வாரம் ஒருநாள் வாங்குங்க."

"வாங்கினா கறிக்கடைக்காரன் அரைக் கிலோ தருவானே. ஒத்த ஆளுக்கு அம்புட்டு எதுக்கு? மிஞ்சிப் போகுமே."

"மிஞ்சாது" என்றேன்.